கைமாற்று

டீக்கடையில் நின்று கவனித்திருக்கிறீர்களா? டீ குடித்தவர் தன் போனைத் திருப்பிக் கல்லாவில் இருக்கிறவரிடம் காட்டுகிறார். பச்சை டிக், தேதி, நேரம், தொகை எல்லாம் திரையில் இருக்கின்றன. கல்லாக்காரர் அதைப் பார்ப்பதே இல்லை. அவர் காது பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியின் மேல். ஒரு பெண் குரல் 'முப்பது ரூபாய் பெறப்பட்டது' என்று சொன்ன பிறகுதான் தலையை ஆட்டுகிறார். குரல் வராவிட்டால்? 'சவுண்டு வரலையே சார், கொஞ்சம் நில்லுங்க!' நிற்கிறீர்கள். பத்து வருஷமாக அதே கடையில் டீ குடிக்கிறவராக இருந்தாலும் நிற்கிறீர்கள். பிறகு பெட்டி வாய் திறந்து நீங்கள் யோக்கியர் என்று அறிவிக்கிறது. போகலாம்.

கடைக்காரர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. அதே வருஷம் நவம்பர் 8-ம் தேதி ராத்திரி, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பும் வந்தது. அடுத்த சில வருஷங்களில் பூக்காரம்மாவின் கூடை வரைக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டியாயிற்று. பின்னாலேயே கெட்டிக்காரர்களும் வந்தார்கள். நேற்று எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டை இன்று காட்டிவிட்டு நழுவுகிறவர்கள், பணம் போன மாதிரியே படம் காட்டும் போலி ஆப் வைத்திருப்பவர்கள். சாயங்காலக் கூட்டத்தில் ஒரு கையில் பால் குவளையும் மறு கையில் வடிகட்டியுமாக நிற்கிறவர், ஒவ்வொரு போனாக வாங்கித் தேதி பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அதற்காக வந்ததுதான் பெட்டி. வரட்டும்.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் இந்தப் பெட்டி செய்திருப்பது உபகாரம். பழைய மளிகைக் கடையின் அக்கவுன்ட் நோட்டைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். 'அந்தக் காலத்துல மனுஷனை மனுஷன் நம்பினான் சார்!' சரி, யாரை நம்பினான்? மாதச் சம்பளக்காரரை நம்பினான். சொந்த வீட்டுக்காரரை நம்பினான். 'நம்ம ஆளு' என்று தோன்றியவரை நம்பினான். கட்டட வேலைக்கு ஊர்விட்டு வந்தவர் கேட்டால், சுவரில் மாட்டியிருந்த 'இன்று ரொக்கம், நாளை கடன்' அட்டையைக் காட்டினான். முகம், சட்டை, தெரு, சாதி எல்லாவற்றையும் தராசில் போட்டுத்தான் அந்த நோட்டில் பக்கம் ஒதுக்கப்பட்டது. பெட்டிக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. யார் அனுப்பினாலும் முப்பது ரூபாய் முப்பது ரூபாய்தான்.

ஆகவே டீக்கடையில் அது இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்பது, அது எப்போது நம் வீட்டுக்குள் வந்தது?

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். வீட்டுக்காரருக்கோ வீட்டுக்காரம்மாவுக்கோ ஒரு மெசேஜ் போடுகிறீர்கள். ஒரு டிக், இரண்டு டிக், அப்புறம் நீல டிக். வாட்ஸ்அப்பில் இந்த நீலம் வந்தது 2014 நவம்பரில். ஊரெல்லாம் முணுமுணுத்ததும் அதை அணைத்துவைக்கும் வசதியையும் கொடுத்தார்கள். கொடுத்ததும் புதுச் சண்டை: 'நீ ஏன் அணைச்சு வெச்சிருக்கே?' 2017 அக்டோபரில், நாம் இருக்கும் இடத்தை அடுத்தவருக்குத் தொடர்ந்து காட்டும் 'லைவ் லொகேஷன்' வந்தது. பதினைந்து நிமிஷம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று மூன்று அளவு. எட்டு மணி நேரம் போதாது என்கிறவர்களுக்கு, கெடுவே இல்லாமல் குடும்பத்தையே வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டும் ஆப்கள் இருக்கின்றன. ஸ்கூல் வேனுக்கு ஜி.பி.எஸ்., வாசலில் கேமரா, ஹாலில் கேமரா. மசால் தோசை ஆர்டர் பண்ணினால், அதைக் கொண்டுவரும் பையன் வடபழனி சிக்னலில் நிற்பதைச் சோபாவில் உட்கார்ந்தபடி பார்த்து, 'ஏன் நகரவே மாட்டேங்கறான்?' என்று பல்லைக் கடிக்கிறோம். சிக்னல் சிவப்பாக இருக்கும் சாமி, வேறென்ன!

ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே சௌகரியம். ஒன்றிலும் தப்பில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் தொகை இடிக்கிறது.

நான் படித்தது பி.காம். ஆடிட்டிங் பேப்பருக்குப் போகும்போது ஒரு வழக்கை மனப்பாடம் பண்ணாமல் போகவே கூடாது. இங்கிலாந்தில் 1896-ல் தீர்ப்பான கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. மில்லின் மேனேஜர் சரக்கிருப்பைக் கூட்டிக் காட்டிச் சான்றிதழ் கொடுத்துவந்தார். ஆடிட்டர்கள் கோடவுனுக்குப் போய் நூலை எண்ணிப் பார்க்கவில்லை. அந்தச் சான்றிதழை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனி மூழ்கியதும் விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி லோப்ஸ் சொன்னதன் சாரத்தை வணிகவியல் மாணவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் கிடையாது. சந்தேகப்பட ஏதாவது கண்ணில் பட்டால் கடைசி வரை துருவ வேண்டும். எதுவும் படாதபோது, கம்பெனி நம்பிக்கை வைத்திருக்கும் பழைய ஊழியர் சொல்வதை அவரும் நம்பலாம். நம்பியது கடமை தவறியதாக ஆகாது.

அன்றைக்கு அது எனக்கு ஐந்து மார்க். இன்றைக்கு அதைக் குடும்பங்களுக்குப் படித்துக்காட்ட வேண்டும் போலிருக்கிறது. ஏனென்றால் நாம் எல்லோருமே காவல் நாய் உத்தியோகத்திலிருந்து மோப்ப நாய் உத்தியோகத்துக்குப் பதவி உயர்வு பெற்றிருக்கிறோம். சம்பளம் மட்டும் கிடையாது.

ஆடிட்டர் ஏன் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை? பெருந்தன்மையால் இல்லை சார். கட்டுப்படியாகாது. லட்சம் வவுச்சரையும் ஒன்றுவிடாமல் பார்த்தால் ஃபீஸ் கம்பெனியின் லாபத்தைத் தாண்டிவிடும். அதனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துப் பார்ப்பார்கள். குடும்பத்திலும் ரொம்ப காலம் இதே கணக்குதான் ஓடியது. சந்தேகப்படுவதற்குச் செலவு இருந்தது. 1995-ல் ஒருவர் 'இன்னிக்கு ஆபீஸ்ல லேட்டாகும்' என்று சொல்லிவிட்டுப் போனார் என்று வையுங்கள். அது நிஜமா என்று பார்க்க அவர் மனைவி தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போக வேண்டும். பின்னால் நாலு பேர் நிற்பார்கள். ஆபீஸ் ஆபரேட்டரிடம் 'அவர் இருக்காரா?' என்று கேட்க வேண்டும். மறுநாள் ஆபீஸ் முழுக்கத் தெரியும். ஒரு ரூபாய் காசும் கொஞ்சம் மானமும் செலவு. அவ்வளவு கொடுத்து வாங்குமளவுக்கு நம் சந்தேகம் பெரிதா என்று ஒரு நிமிஷம் யோசிப்பார். முக்கால்வாசி சந்தேகங்கள் அந்த ஒரு நிமிஷத்திலேயே செத்துப்போகும். மிச்சக் கால்வாசிதான் நிஜமான சந்தேகம்.

இன்றைக்கு விலை பூஜ்யம். யாருக்கும் தெரியாது, யாரிடமும் கேட்க வேண்டாம், விரலால் ஒரு தட்டு. பண்டத்தின் விலை இறங்கினால் நுகர்வு ஏறும் என்பது பொருளாதாரப் புத்தகத்தின் முதல் அத்தியாயம். சந்தேகத்துக்கு மட்டும் அது பொருந்தாமல் போகுமா? முன்பு பெரிய காரணம் இருந்தால்தான் சரிபார்த்தோம். இப்போது காரணமே இல்லாமல் பார்க்கிறோம். பஸ்ஸுக்கு நிற்கும்போது, விளம்பர இடைவேளையில், சும்மா, 'எங்கே இருக்கான்னு பார்ப்போமே' என்று. யாரும் யாரையும் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் எல்லோரையும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விசித்திரம் இங்கேதான்.

திருக்குறளில் 51-வது அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. அரசன் வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றியது. அதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நன்றாக ஆராய்ந்து பார், பிறகு நம்பு, நம்பிய பிறகு ஐயப்படாதே. ஆராயாமல் நம்புவதும் தீராத தொல்லை, நம்பிய பின் ஐயப்படுவதும் தீராத தொல்லை என்று இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறார் வள்ளுவர். முதல் பாதியை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். இரண்டாம் பாதிதான் கையில் இருக்கும் கருவிக்குப் புரியாத பாஷை. ஆராய்ச்சிக்கு ஒரு முடிவு உண்டு, அதற்கப்புறம் வேறொரு நிலை தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. முப்பது வருஷம் கூடவே வாழ்ந்தவரைப் பற்றியும் இன்று காலைதான் அறிமுகமான மாதிரி புதுசாக ஒரு புள்ளியை வைத்துக் காட்டும்.

நம்பிக்கை என்பது என்ன என்று தத்துவப் பேராசிரியர்கள் நிறைய எழுதியிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது கணக்குப் புத்தக பாஷை. ஆங்கிலத்தில் 'கிரெடிட்' என்கிற சொல்லின் லத்தீன் வேரே நம்புவது என்ற பொருளில் வருவதுதான். தமிழ் இதில் இன்னும் கெட்டி. காசுக்கும் யோக்கியதைக்கும் சேர்த்து ஒரே சொல் வைத்திருக்கிறோம்: நாணயம். 'நாணயமான மனுஷன்' என்று யாரைச் சொல்வீர்கள்? அடகுக் கடையில் கடன் வாங்கி வட்டியோடு கட்டி நகையை மீட்டவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது யோக்கியதைச் சான்றே இல்லை. அடகுக் கடைக்காரர் உங்களை நம்பவில்லை. உங்கள் நாலு பவுன் சங்கிலியை நம்பினார். நீங்கள் ஓடிப்போனாலும் அவருக்குக் கவலையில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் சந்தோஷம்கூட இருக்கலாம்.

கைமாற்று வேறு. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, சாட்சி கிடையாது. 'ஒரு ஐயாயிரம் இருந்தா குடுப்பா, ஒண்ணாம் தேதி தந்துடறேன்.' கொடுக்கிறவருக்குப் பணம் திரும்பி வராமல் போகும் வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறது. அது தெரிந்துதான் கொடுக்கிறார். ஒண்ணாம் தேதி அந்தப் பணம் திரும்பி வரும்போது பணத்தோடு கூட இன்னொன்றும் வருகிறது. இரண்டு பேருக்கும் நடுவில் முன்னால் இல்லாத ஏதோ ஒன்று. அடகுக் கடையில் நூறு முறை மீட்டாலும் அது வராது. ஏமாற வாய்ப்பே இல்லாத இடத்தில் நம்புவதற்கும் ஒன்றுமில்லை.

வீட்டுக்குள் வந்த பெட்டி, கைமாற்றாக ஓடிக்கொண்டிருந்ததை எல்லாம் அடகாக மாற்றுகிறது. 'நான் அங்கதான் இருக்கேன்' என்பது கைமாற்று. லொகேஷன் அடகு. 'படிச்சேன், பதில் போட முடியலை' என்பது கைமாற்று. நீல டிக் அடகு.

உடனே ஒருவர் கேட்பார்: 'மறைக்க ஒண்ணும் இல்லைன்னா எதுக்குப் பயப்படணும்?' ரொம்பப் பேருக்கு வாயை அடைத்துவிடும் கேள்வி இது. இன்லண்ட் லெட்டர் ஞாபகம் இருக்கிறதா? இரண்டாயிரங்களில் போஸ்ட் கார்டு ஐம்பது காசு, இன்லண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய். அஞ்சு மடங்கு. மூன்று ஓரத்திலும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி அனுப்பினோமே, உள்ளே என்ன ராஜ ரகசியமா இருந்தது? மாமியாருக்கு மூட்டுவலி, எருமை கன்று போட்டது, பொங்கலுக்கு வருகிறோம். தபால்காரர் படித்தால் ஒன்றும் குடிமுழுகாது. இருந்தாலும் ஒட்டினோம். ஒட்டுவதற்குக் காரணம் குற்றம் இல்லை. இது என்னுடையது, நான் யாருக்கு நீட்டுகிறேனோ அவர் பிரிக்கட்டும் என்பதுதான். திறந்து காட்டுவதும் ஒரு பரிசு. பிடுங்கிப் பார்த்துவிட்டால் அப்புறம் அதைக் கொடுக்கவே முடியாது.

இந்தப் பிரச்சினை இப்போது நீதிமன்றம் வரை போயாகிவிட்டது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஒரு விவாகரத்து விவகாரம் வந்தது. மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய போன் அழைப்புப் பட்டியலைக் கணவர் சாட்சியமாகத் தாக்கல் செய்திருந்தார். கணவன் மனைவிக்கு நடுவிலும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறி எடுத்ததை ஏற்க முடியாது என்றது நீதிமன்றம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், கணவர் ரகசியமாகப் பதிவு செய்த மனைவியின் பேச்சைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. தம்பதிகள் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால், அந்த உறவு ஏற்கெனவே உடைந்திருப்பதன் அடையாளம்தான் அது என்ற பொருளில் நீதிபதிகள் சொன்னார்கள்.

சட்டம் தெரிந்தவர்கள் இரண்டு தீர்ப்பையும் அலசட்டும். எனக்கு உறுத்துவது ஒரே ஒரு விஷயம். கோர்ட்டுக்கு வருவது உடைந்த பானை மட்டும்தான். அதைப் பார்க்கிறவருக்கு முதலில் விரிசல், பிறகு வேவு என்றுதான் தோன்றும். வீட்டில் நடப்பது பல நேரம் தலைகீழ். விரிசல் ஒன்றுமில்லை. சும்மா ஒரு நாள் பார்க்கிறார்கள். 'ஆன்லைன்' என்று பச்சையாக எழுதியிருக்கிறது, ராத்திரி பதினொன்றே முக்கால். யாரோடு? ஆபீஸ் குரூப்பில் யாரோ பிறந்தநாள் கேக் படம் போட்டிருப்பார்கள். ஆனால் கேட்க முடியாது. கேட்டால் பார்த்தது தெரிந்துவிடும். கேட்காத கேள்வி ராத்திரியெல்லாம் வளரும். பார்த்ததனால் விழுந்த விரிசல் இது. எந்தத் தீர்ப்பிலும் இது பதிவாகாது.

கணவன் மனைவியாவது சரிக்குச் சமம். அவள் போனை இவன் பார்த்தால் இவன் போனை அவள் பார்க்கலாம். வீட்டு வேலைக்கு வருகிறவர் விஷயம் அப்படி இல்லை. இரண்டாயிரம் ரூபாய்க்குள் கேமரா கிடைக்கிறது. ஆபீஸில் உட்கார்ந்தபடியே அவர் எத்தனை மணிக்கு வந்தார், சோபாவுக்கு அடியில் துடைத்தாரா என்று பார்க்கலாம். முன்பெல்லாம் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் கிடந்த மோதிரத்தை எடுத்து, 'இந்தாங்கம்மா, பத்திரமா வைக்கக் கூடாதா?' என்று நீட்டினால், அன்றைக்கு அந்த வீட்டில் அவர் ஒரு படி உயர்ந்தார். கேமராவுக்குக் கீழே அதையே செய்தால்? 'கேமரா இருக்கில்ல, அதான்' என்று முடிந்துவிடும். அவர் அதே ஆள், அதே மோதிரம், அதே கை. பெயர் மட்டும் கேமராவுக்குப் போகிறது. யாரும் பார்க்காதபோது நீ என்ன செய்வாய் என்பது பிளேட்டோ காலத்துக் கேள்வி. மாய மோதிரம் போட்டு மறைந்துபோகிற இடையனைப் பற்றி அவர் புத்தகத்தில் ஒரு கதை உண்டு. நாம் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டோம். பதில் சொல்ல வாய்ப்பே கொடுக்காமல்.

இப்படி நான் ஒரு அபார்ட்மென்டில் சுருதி ஏற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்க்கும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: 'கேமரா இருக்கட்டும் சார். நாளைக்கு எதுனா காணோம்னா மொதல்ல என் பேரைத்தான சொல்லுவீங்க? அது எனக்குச் சாட்சியா இருக்கட்டும்.'

இந்தப் பதிலுக்கு முன்னால் அடகு, கைமாற்று எல்லாம் கொஞ்சம் தள்ளித்தான் நிற்க வேண்டும். கைமாற்றாக யாருமே எதையும் தந்திராதவருக்கு அடகுக் கடைதான் துணை. ஒரு வீட்டில் பொருள் காணாமல் போனால் பீரோவைத் தேடுவதற்கு முன்னால் அவர் முகத்தைத் தேடுகிற வழக்கம் கேமராவுக்கு வெகுகாலம் முந்தையது. மளிகைக் கடை நோட்டில் பக்கம் கிடைக்காதவர்களும் இவர்கள்தான். அவர்களுக்கு நம்பிக்கையின் பெருமையைப் பற்றி நான் பிரசங்கம் பண்ணுவது வயிறு நிறைந்தவன் பட்டினியின் மகிமை பேசுகிற மாதிரி.

ஆனால் அந்தச் சாட்சியை ஒரு முறை குறுக்கு விசாரணை செய்து பாருங்கள். பதிவு யார் போனில் இருக்கிறது? முதலாளி போனில். நேற்று ராத்திரி சோறு ஊசிப்போய்விட்டது என்று தெரிந்தே அவரிடம் கட்டிக் கொடுத்தோமே, 'என்ன கழுவியிருக்கே' என்று கத்தினோமே, ஒரு மணி நேரம் கூடுதலாக வேலை வாங்கினோமே, அதெல்லாமும் அதில் இருக்கிறது. அவர் கேட்டால் போட்டுக் காட்டுவோமா? சம்பளத் தகராறு வந்தால் 'போன மாசம் நான் ஒரு நாள்கூட லீவு போடலை, பாருங்க' என்று அவரால் அந்தச் சாட்சியைக் கூப்பிட முடியுமா? ஒரு பக்கம் கூப்பிட்டால் மட்டும் வருகிற சாட்சி. கேமரா வைத்தே தீர வேண்டும் என்றால், அந்தப் பதிவைக் கேட்கிற உரிமையும் அவருக்கு உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எத்தனை வீடுகளில் அதற்கப்புறம் கேமரா ஹாலில் இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.

கடைசியாகப் பிள்ளைகள். இங்கே நான் அடக்கித்தான் வாசிக்க வேண்டும். பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு ராத்திரி ஒன்பதரைக்கு வாசலில் நிற்கிற அம்மாவிடம் போய், 'நம்பும்மா' என்று தத்துவம் பேசினால் செருப்பு பறக்கும். பறக்கத்தான் வேண்டும். அவர் பெண்ணை நம்பாமல் நிற்கவில்லை, ஊரை நம்பாமல் நிற்கிறார். ஊரும் அப்படித்தான் இருக்கிறது.

ஆனாலும் சில விஷயங்கள் கவனித்திருக்கிறேன். புள்ளி வந்த பிறகு அம்மாக்களின் கவலை குறைந்ததாகத் தெரியவில்லை. முன்பு ஒன்பதரைக்குத் தொடங்கிய கவலை இப்போது ஆறேகாலுக்கே தொடங்கிவிடுகிறது. மெட்ரோ சுரங்கத்துக்குள் போனதும் புள்ளி அசையாமல் நிற்கிறதே! பிள்ளைகளும் சும்மா இல்லை. போனைத் தோழி வீட்டு மேஜையில் சார்ஜில் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போய்விட்டு வருகிற வித்தை பத்தாம் வகுப்பிலேயே தெரிந்துவிடுகிறது. புள்ளி உத்தமமாகத் தோழி வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது என்ன? பொய் சொல்லக் கூடாது என்பதை அல்ல. சாட்சியத்தை எப்படி நிர்வகிப்பது என்பதை. அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு பொய் சொல்லி, அது தொண்டையில் சிக்கி, ராத்திரி தூக்கம் வராமல் புரண்டு, மறுநாள் காலையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு 'அம்மா, நேத்து ஒண்ணு சொன்னேன்ல...' என்று தொடங்குகிற அந்தப் பயிற்சி அதற்குக் கிடைக்கவே இல்லை. போன் பொய் சொன்னதற்கு யாருக்குத் தூக்கம் கெடும்?

அனுப்புவது வேறு, எடுப்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்டோவில் ஏறியதும் பெண்ணே லொகேஷனைத் தட்டி அம்மாவுக்கு அனுப்புகிறாள் என்றால், அது அந்தக் காலத்து 'போய்ச் சேர்ந்ததும் ஒரு லெட்டர் போடு' மாதிரி. அவள் கொடுக்கிறாள், அம்மா வாங்கிக்கொள்கிறார். இருபத்து நாலு மணி நேரமும் அம்மாவே எடுத்துக்கொண்டிருந்தால் பெண்ணிடம் கொடுக்க ஒன்றும் மிச்சம் இல்லை. பாதுகாப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் இருக்கும் விரல் யாருடையது என்பதில்தான் வித்தியாசம். அந்த எட்டு மணி நேரக் கெடுவை வைத்தவர் யார் என்று தெரியவில்லை, ஆனால் மனுஷாளோடு பழகியவராக இருக்க வேண்டும்.

தெரிந்த வீடு ஒன்றில் இதைப் பற்றிப் பெரிய பஞ்சாயத்து நடந்தது. பெண் தாம்பரம் பக்கம் கல்லூரி, சாயங்காலம் கோச்சிங் கிளாஸ், மின்சார ரயிலில் வர வேண்டும். குடும்ப ஆப்பை எடுத்துவிட வேண்டும் என்று பெண். முடியவே முடியாது என்று அப்பா. கடைசியில் அம்மா ஒரு ஏற்பாடு சொன்னார். ஆப் வேண்டாம். கிளாஸ் முடிந்து கிளம்பும்போது அவளே ஒரு மணி நேரத்துக்கு லொகேஷன் அனுப்ப வேண்டும். தாமதமானால் போன் பண்ண வேண்டும். மற்ற நேரம் யாரும் கேட்கக் கூடாது.

முதல் வாரத்தில் இரண்டு நாள் மறந்துவிட்டாள். அப்பா ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டார். 'சொன்னேன்ல?' என்று வீட்டில் ஒரே சத்தம். அடுத்த வாரம் ஒழுங்காக வந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் லொகேஷன் வரவில்லை. எட்டரை ஆயிற்று. அம்மா போனை எடுத்தார், வைத்தார், சாம்பாரைக் கிளறினார், மறுபடி எடுத்தார். எட்டு ஐம்பதுக்கு அழைப்பு வந்தது: 'அம்மா, கிளாஸ் ஏழு மணிக்கே முடிஞ்சிடுச்சு. ஃப்ரெண்டோட பானிபூரி சாப்பிடப் போனேன். லொகேஷன் போட்டா தெரிஞ்சிடும்னு போடலை. இப்ப ரயில் ஏறிட்டேன்.'

'சரி, கூட்டமா இருந்தா லேடீஸ்ல ஏறு' என்றாராம் அம்மா. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.